குருதிக்குழாயை அடைத்தலும் குடும்பத்தைக் காத்தலும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கீற்றுக் கொட்டகையில் அரிக்கேன் விளக்கின் கீழ் தொடங்கிய நம் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இத்தகைய விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் பேச எழுந்தால் தேர்ச்சி விகிதம் பற்றியும் உதவித்தொகை பற்றியும் பேசுவார் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நாமோ இன்று மருத்துவப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டுள்ளோம். அறுவைச் சிகிச்சைக்கு முன்னர்த் தமனியைச் சிறிது காலம் அடைத்து வைக்கும் முறை, அதன் பாதுகாப்பு, அதற்காகும் செலவு ஆகியவையே நம் பொருள். இதற்கும் கல்விச் சங்கத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். தொடர்பு உண்டு. நம்மிடையே ஒரு மாணவனின் படிப்பு இப்பொருளால் நின்றுபோக இருந்தது.

நம்மிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறார். ஒருநாள் மாலை அவர் நம் இல்லத்திற்கு வந்தார். முகம் வாடியிருந்தது. அவருடைய மனைவி மூன்றாம் முறையாகக் கருவுற்றிருந்தார். முதல் இரு குழந்தைகளும் அறுவை வழியே பிறந்தவை. இம்முறை ஸ்கேன் எடுத்தபோது, நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் பழைய தழும்பின் மீதே படிந்திருப்பதாகத் தெரிந்தது. அவர்கள் சென்ற தனியார் மருத்துவமனையில், "அறுவைக்கு முன் தமனியை அடைக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்" என்று கூறி ஒரு தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அத்தொகை அவருடைய ஓராண்டுச் சம்பளத்தை விஞ்சி நின்றது.

"ஐயா, தமனியை அடைத்தால் அவள் உயிருக்கு ஆபத்து வராதா? இவ்வளவு செலவு உண்மையிலேயே தேவைதானா? தேவை என்றால் தம்பியைப் பாலிடெக்னிக்கிலிருந்து நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

இரண்டே வினாக்கள். முப்பதாண்டுகளுக்கு அருகில் கரும்பலகையின் முன் நின்ற நமக்கு இரண்டுக்கும் விடை தெரியவில்லை. மருத்துவர் பொய் சொல்லவில்லை. விலையை மட்டும் சொன்னார், பொருளைச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நாம் அறிந்தவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் தமனி என்பது யாது? தோல் வேலை செய்வோருக்கு இதை விளக்குவது எளிது. பச்சைத் தோலைப் புரட்டிச் சதைப்புறத்தைப் பார்த்தவர்கள் அதில் மரக்கிளைபோலக் குழாய்கள் பரவியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். குருதி சரியாக வடியாத விலங்கின் தோலைப் பதனிட்டால், அந்தக் கிளைத் தடங்கள் பதனிட்ட பின்னரும் தெரியும். தரம் பிரிப்பவர் அதைத் தள்ளி வைப்பார். நம் உடலிலும் அத்தகைய கிளைகளே உள்ளன. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாய் தமனி. திருப்பிக் கொணர்வது சிரை. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு மட்டும் நிமிடத்திற்கு அரை லிட்டருக்குக் குறையாத குருதி பாய்கிறது. அவ்விடத்தில் குழாய்கள் திறந்துகொண்டால், சில நிமிடங்களில் உயிர் ஊசலாடும் என்பதை உணர நீங்கள் மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. கணக்குப் பாடம் போதும்.

ஆகவே, வெட்டுவதற்கு முன் மடையை அடைக்கலாமே என்னும் எண்ணம் பழங்காலந்தொட்டே மருத்துவர்களுக்கு இருந்துவந்தது. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் ஆம்புருவாசு பாரே, கால்களை அகற்றும்போது குருதிக்குழாய்களை நூலால் கட்டும் முறையைக் கையாண்டார். 1718இல் ழான் லூயி பெட்டி திருகால் இறுக்கும் கட்டுக் கருவியைச் செய்தார். இவை வெளியிலிருந்து கட்டும் முறைகள். உடலுக்குள்ளேயே சென்று அடைக்க வேண்டுமானால் உள்ளே பார்க்கும் கண் வேண்டும். 1895இல் ரான்ட்கன் கண்டறிந்த எக்சு கதிர் அந்தக் கண்ணாயிற்று. 1929இல் ஜெர்மனி நாட்டு இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்சுமன் தம் கைச் சிரை வழியாகவே ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்திக்கொண்டு, எக்சு கதிர்ப் படமும் எடுத்துக் காட்டினார். அன்று ஏளனத்திற்கு ஆளான அவருக்கே 1956இல் நோபல் பரிசு வந்தது. 1953இல் சுவீடனின் செல்டிங்கர் என்பார், ஊசி வழியே கம்பியையும் கம்பி வழியே குழாயையும் செலுத்தும் எளிய முறையைக் கண்டார். இன்று உலகெங்கும் நடைபெறும் சிகிச்சைகள் அம்முறையின் மீதே நிற்கின்றன.

அம்முறை யாதெனில், தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில், அவ்விடம் மரத்துப்போக மருந்திட்டு, ஊசி குத்துவர். கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயை அதன் வழியே செலுத்தி, எக்சு கதிர்த் திரையில் பார்த்துக்கொண்டே, வேண்டிய கிளைக்குக் கொண்டு செல்வர். குழாய்களைத் திரையில் காட்டுவதற்கென ஒரு சாய மருந்தைச் செலுத்துவர். பின்னர் அடைப்பை வைப்பர். அடைப்பில் மூவகை உண்டு. முதலாவது, ஜெலட்டின் நுரைத் துண்டுகள். இவை சில வாரங்களில் தாமே கரைந்துவிடும், விலையும் குறைவு. இரண்டாவது, நெடுநாள் நிலைத்து நிற்கும் நுண்துகள்களும் உலோகச் சுருள்களும். மூன்றாவது, சிறு பலூன். தேவைப்படும்போது அதை ஊதித் தமனியை அடைப்பர்; வேலை முடிந்ததும் சுருக்கி வெளியே எடுத்துவிடுவர். தற்காலிக அடைப்பு என்று மருத்துவர் கூறினால், பெரும்பாலும் நுரைத்துண்டையோ பலூனையோ குறிக்கிறார் என்று கொள்க.

இம்முறையால் பயன் பெறுவோர் யாவர்? பதின்பருவ ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் பெரும்பாலும் வரும் ஒரு மூக்குக் கட்டி உண்டு. மூக்கில் ஓயாமல் குருதி கொட்டும். புற்று அன்று, ஆயினும் குருதிக்குழாய்கள் நிறைந்தது. அறுவைக்கு ஓரிரு நாள் முன்னர் அதற்கு உணவளிக்கும் தமனியை அடைத்துவிட்டால் அறுவையின்போது குருதி இழப்பு வெகுவாகக் குறைகிறது. சிறுநீரகத்தின் பெரிய புற்றுக்கட்டிகள் சிலவற்றிலும், முதுகெலும்பிற்குப் பரவிய சில கட்டிகளிலும், மூளை உறைக் கட்டிகள் சிலவற்றிலும் இவ்வாறே செய்கிறார்கள். அடைத்தபின் பல நாள் காத்திருத்தல் ஆகாது. உடல் வேறு கிளை வழியே குருதியைக் கொணர்ந்துவிடும். ஏரியின் மதகை அடைத்தால் நீர் கரையின் மறுபுறத்தில் வழி தேடுவதைப் போன்றதே இது.

ஈண்டு ஒரு சுவையான செய்தி. கருப்பைத் தசைக்கட்டிகளை அறுத்து எடுக்கும் முன் குருதியிழப்பைக் குறைப்பதற்காகப் பாரிசு நகரில் ரவீனா என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் கருப்பைத் தமனியை அடைத்து வந்தனர். அடைத்த பின் பல பெண்களுக்குத் தொல்லைகளே நீங்கிவிட்டன. அறுவை தேவையில்லை என்றாயிற்று. 1995இல் அவர்கள் இதை வெளியிட்டனர். முன்னேற்பாடாக வந்தது சிகிச்சையாகவே மாறிற்று. கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லப்படும் நம் தாய்மார்கள், வேறு வழி உண்டா என்று கேட்பது தவறன்று என்பதற்காகவே இதைக் கூறினோம்.

இனி நம் மாணவரின் மனைவிக்கு நேர்ந்த நிலைக்கு வருவோம். நஞ்சுக்கொடி பழைய தழும்பில் படிந்தால், அது கருப்பைச் சுவருக்குள்ளேயே வேர்விட்டுவிடக்கூடும். பிள்ளை பிறந்த பின் பிரிந்து வராது. பிரித்தால் வெள்ளமாகக் குருதி கொட்டும். மூன்று முதல் ஐந்து லிட்டர்வரை இழப்பதும் உண்டு. 30,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2006இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று கூறுவதைக் கேளுங்கள். நஞ்சுக்கொடி கீழே படிந்துள்ள பெண்களில், முன்னர் ஓர் அறுவை நடந்தவர்களுள் 100க்கு 11 பேருக்கு இந்நிலை ஏற்பட்டது. இரண்டு அறுவை நடந்தவர்களுள் 100க்கு 40 பேருக்கு ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 2019-21ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 100 மகப்பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவை வழியே நடந்தவை. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரை உள்ள நம் மாநிலப் பெண்களில் 100க்கு 53 பேர் குருதிச் சோகை உடையவர்கள். சோகையுள்ள தாய் ஒரு லிட்டர் இழப்பதும் நலமுள்ள தாய் ஒரு லிட்டர் இழப்பதும் ஒன்றாகா. இக்கணக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இது எங்கோ ஒரு வீட்டின் துயரன்று, நம் தெருவின் துயர் என்பது விளங்கும்.

மகப்பேற்றுச் சாவு நம் மாவட்டத்திற்கு ஒரு வரலாற்றையே தந்தது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இல்லங்களிலிருந்து மூவர் வந்து, பேற்று வலியில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணை வேண்டினர். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரான அவருடைய தந்தையை ஆண் என்பதால் அவர்கள் உள்ளே விடவில்லை. விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடாவை மருத்துவம் படிக்கச் செய்தது. 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் அவர் தொடங்கிய பணியே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும் அங்கேதான் நடந்தது. 2005இல் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. இத்தனை அருகில் மருத்துவம் இருந்தும் அறியாமையால் நாம் உயிரையோ உடைமையையோ இழப்போமானால், அது யார் குற்றம்?

இப்போது முதல் வினா: அடைத்தல் பாதுகாப்பானதா? தேர்ந்த கைகளில் பெரும்பாலும் பாதுகாப்பானதே. ஆயினும் தீங்கே இல்லாத சிகிச்சை உலகில் இல்லை. ஊசி குத்திய இடத்தில் குருதி கட்டலாம். சாய மருந்து சிலருக்கு ஒவ்வாமை தரும். பழுதுபட்ட சிறுநீரகத்தை மேலும் வருத்தும். அடைப்புத் துகள் இலக்குத் தவறி வேறு கிளையில் தங்கினால் அவ்வுறுப்பு வாடும். கட்டிகளை அடைத்தபின் சில நாள் வலியும் காய்ச்சலும் குமட்டலும் வருவதுண்டு. பலூனால் காலுக்குச் செல்லும் தமனியில் குருதி உறைந்து அடைத்துக்கொள்ளலாம்; ஆகவே எவ்வளவு நேரம் ஊதி வைக்கலாம் என்பதில் மருத்துவர் மிகுந்த விழிப்புடன் இருப்பர். கருவுற்ற தாய்க்குச் செய்யும்போது குழந்தைமீதும் சிறிது கதிர் படுகிறது.

பயன் எப்படி? மூக்குக் கட்டி போன்றவற்றில் பயன் தெளிவானது. நஞ்சுக்கொடி வேர்விட்ட தாய்மாரிடத்தில் உள் இடுப்புத் தமனியைப் பலூனால் அடைப்பதில் அத்தகைய தெளிவு இல்லை. 2015இல் இசுரேல் நாட்டில் 27 பெண்களிடமும், 2020இல் சீனத்தில் 100 பெண்களிடமும் ஆய்வு செய்தனர். சீட்டுக் குலுக்கியதுபோல் ஒரு பாதியினருக்குப் பலூன் வைத்தும், மறுபாதியினருக்கு வைக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டிலும் ஏற்றிய குருதியின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. சீன ஆய்வில் பலூன் வைத்தவர்களுக்குச் செலவும் காய்ச்சலும் கூடுதலாயின. கருப்பைக்குக் குருதி ஒரே வழியில் வருவதில்லை. ஒரு வாய்க்காலை அடைத்தால் மற்றொன்று பாய்கிறது. இதனால் பலூன் எவருக்குமே வேண்டாம் என்று நாம் கூற வரவில்லை. நஞ்சுக்கொடி சிறுநீர்ப்பைவரை ஊடுருவிய தாய் ஒருவருக்கு மருத்துவர் அதை வேண்டுமென்று கருதலாம். அம்முடிவு அவருடையது. 'ஏன்' என்று கேட்கும் உரிமையோ நம்முடையது.

இரண்டாம் வினா: செலவு. இச்செலவு எங்கிருந்து வருகிறது? எக்சு கதிர்த் திரையுள்ள அறையும் இயந்திரமும் விலையுயர்ந்தவை. குழாயும் கம்பியும் பலூனும் ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறியப்படுபவை. சாய மருந்து, தனிப்பயிற்சி பெற்ற மருத்துவர், பிந்தைய கண்காணிப்பு ஆகியவற்றிற்கும் கட்டணம் உண்டு. அடைப்புப் பொருளில் நுரைத்துண்டு மலிவு. சுருளும் துகளும் பலூனும் விலை மிக்கவை. ஆனால் வரவையும் பார்த்தல் வேண்டும். அடைப்பினால் பல புட்டி குருதியும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள்களும் மிச்சமாகுமானால் செலவு ஈடாகிவிடும். மிச்சமாகாது என்றால் அது வீண்செலவே. ஆகவே, "இவருடைய நோயில் இதனால் எவ்வளவு மிச்சம்?" என்பதே சரியான வினா.

அச்செலவை யார் ஏற்பது? 2009இல் தொடங்கி 2012இல் புத்துருப் பெற்ற மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை அதில் இடமுண்டு. தொழிற்சாலைத் தோழர்களுக்கு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தோன்றிய ஈ.எஸ்.ஐ. திட்டம் உள்ளது. 2019 ஜூலையில் தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய் என்று வகுத்தனர். மாதந்தோறும் நம் சம்பளத்தில் பிடிக்கும் பணம் அது, பிச்சையன்று. நம் மாணவர் நான்காண்டுகளாக அந்த அட்டையைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். மனைவிக்கும் அதில் பங்குண்டு என்பதே அவருக்குத் தெரியாது!

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று, வேறொரு பெரிய மருத்துவமனைக்குச் சென்றோம். மீண்டும் ஸ்கேன் எடுத்து ஆராய்ந்த மருத்துவர்கள், நஞ்சுக்கொடி வேர்விட்டிருப்பது உண்மையே என்றனர். "இவருக்குப் பலூன் கட்டாயமன்று, நாள் குறித்து, எல்லாத் துறை மருத்துவரும் உடனிருக்க, போதிய குருதியுடன் அறுவை செய்வதே முதன்மை. குருதிக்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்றனர். அன்று மாலை நம் சங்கக் கட்டடத்தில் செய்தி சொன்னோம். மறுநாள் காலை ஆறு இளைஞர்கள் பேருந்தேறினர். அவர்களுள் அந்தப் பாலிடெக்னிக் மாணவனும் ஒருவன். 35ஆம் வாரத்தில் அறுவை நடந்தது. கருப்பையை எடுக்கவே நேர்ந்தது. ஐந்து புட்டி குருதி ஏற்றினர். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினர். அந்தத் தம்பியின் படிப்பும் நிற்கவில்லை. ஒருவருக்கு நலமாய் முடிந்ததைக் கொண்டு எல்லார்க்கும் இதுவே விதி என்று முடிவு கட்டுதல் கூடாது. கேட்டறிந்து எடுத்த முடிவு, அஞ்சி எடுத்த முடிவைவிட மேலானது என்பதே நாம் கற்ற பாடம்.

இளந்தோழர்களே, அந்த ஆறு புட்டிகளை எண்ணிப் பாருங்கள். 1901இல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் குருதி வகைகளை வெளியிட்டார். அவர் கண்ட பிரிவுகளில் சாதி இல்லை. ஆயினும் மனிதர் அங்கும் தீண்டாமையைப் புகுத்தினர். அமெரிக்காவில் குருதி வங்கி முறையை வளர்த்தவர்களுள் தலையாயவர் சார்லசு ட்ரூ என்னும் கறுப்பின மருத்துவர். அவருடைய நாட்டின் செஞ்சிலுவைச் சங்கமோ, வெள்ளையர் குருதியையும் கறுப்பர் குருதியையும் 1950வரை தனித்தனியே வைத்திருந்தது. இதற்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை என்று ட்ரூ எடுத்துரைத்தார். தோலைத் தொடுபவன் என்று நம்மை ஒதுக்கிய ஊரில், நம் இளைஞர் தந்த குருதி யாருடைய நாளத்தில் ஓடுகிறதோ யாரறிவார்? அது ஓடட்டும். கொடுக்கும் கை நம்முடையதாய் இருப்பதில் நமக்குப் பெருமையே.

இவ்விழா நாளில் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, 18 வயது நிரம்பி 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள நம் இளைஞர்களின் குருதி வகைப் பட்டியல் ஒன்று சங்கத்தில் இருத்தல் வேண்டும். ஆடவர் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் பெண்டிர் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு குடும்பத்தின் காப்பீட்டு அட்டையையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் சரிபார்த்து, விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும் பணியை நம் பட்டதாரிகள் ஏற்றல் வேண்டும்.

மூன்றாவது, மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பத்துடன் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் துணை செல்லல் வேண்டும். அவர் மருத்துவரிடம் பணிவுடன் ஐந்து வினாக்களைக் கேட்கட்டும்: இச்சிகிச்சை எதற்காக? செய்யாவிடில் என்ன நேரும்? இதனால் வரக்கூடிய தீங்கு யாது? வேறு வழி உண்டா? காப்பீடு எவ்வளவு ஏற்கும்? விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டிலுள்ள பெண்களுக்கும் படித்துக் காட்டட்டும். உயிர் அவர்களுடையது அன்றோ?

கேள்வி கேட்டவனைத் திண்ணையிலிருந்து விரட்டிய காலம் ஒன்று இருந்தது. அண்ணல் அம்பேத்கர் நமக்குக் கல்வியைக் கொண்டு சேர்த்தது சான்றிதழை மாட்டி வைப்பதற்காக மட்டும் அன்று. வெள்ளை அங்கி அணிந்தவர் முன்னும், காக்கி அணிந்தவர் முன்னும், கோப்புடன் அமர்ந்திருப்பவர் முன்னும் நிமிர்ந்து நின்று, "ஐயா, இது ஏன்?" என்று கேட்பதற்காகவே. இன்னும் 25 ஆண்டுகள் கழித்து நம் சங்கம் பொன்விழாக் காணும்போது, விடை தெரியாமல் படிப்பை விட்டவரோ, குருதி கிடைக்காமல் உயிரை விட்டவரோ நம் தெருவில் ஒருவரும் இல்லை என்று அன்று பேசுபவர் சொல்லட்டும்.

 ஜெய் பீம்.